கிராணி ஐயாவின் பிஸ்கட் டின்: எங்கள் சர்க்கஸ் ரசிகர் சங்கத்தின் கதையைத் தேடிய அனுபவம்

கிராணி ஐயாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு வாரம் அவர் மகள் போன் செய்தார். "அக்கா, அப்பாவோட சர்க்கஸ் சாமான் கொஞ்சம் இருக்கு, வந்து எடுத்துக்கிறீங்களா?" கிளினிக்கில் கவுண்டர் வேலையை முடித்துக்கொண்டு மழையோடு மழையாகப் போனேன். வாசலில் ஒரு பிஸ்கட் டின்னும் இரண்டு ஆல்பங்களும் இருந்தன. முப்பது வருஷமாக நாங்கள் சேர்த்ததெல்லாம் ஒரு பெரிய இரும்புப் பெட்டி நிறைய இருந்தது. "பெட்டி எங்கம்மா?" என்று கேட்டேன். முந்தாநாள் பழைய பேப்பர் லோரியில் போய்விட்டதாம்.

அந்தப் பிள்ளையை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டியின் மேல் 'இது சங்கத்துச் சொத்து' என்று ஒரு துண்டுத் தாள்கூட நாங்கள் ஒட்டி வைக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல் கிராணி ஐயாவின் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது. அது 2009. மிஞ்சிய டின்னை வைத்து எங்கள் சங்கத்தின் கதையை எழுத உட்கார்ந்தேன். அதில் பட்டதையும் கற்றதையும் எழுதுகிறேன். சர்க்கஸ் சங்கம் என்றில்லை, நாடக மன்றம், காற்பந்துக் குழு, கோயில் உருமி மேளக் குழு என எதன் கதையை எழுத நினைப்பவருக்கும் இது உதவும்.

எங்கள் ஊர் பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட். ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சார் போகும் வழியில் இருக்கிறது. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்களாக இருந்த இடம். இப்போது பெரும்பாலும் செம்பனை. என் அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்கள். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் கணக்குப்பிள்ளை. எங்கள் கிராணி ஐயாவின் பூர்வீகம் கேரளத்துத் தலைச்சேரி. சங்கம் பிறந்ததே அதனால்தான்.

இந்திய சர்க்கஸின் வேர் இரண்டு இடத்தில் இருக்கிறது என்பார் அவர். ஒன்று மராட்டியம். 1879இல் கியாரினி என்ற இத்தாலியரின் சர்க்கஸ் பம்பாய்க்கு வந்தது. அதைப் பார்த்த விஷ்ணுபந்த் சத்ரே மறு வருஷமே, 1880இல், சொந்தமாக ஒரு சர்க்கஸ் தொடங்கினார். இன்னொன்று தலைச்சேரி. களரியும் உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுத்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் அங்கே சர்க்கஸ் பள்ளிக்கூடம் திறந்தார். அதிலிருந்துதான் பார் விளையாட்டுக்காரர்களும் கயிற்று ஆட்டக்காரர்களும் இந்தியா முழுக்கப் பரவினார்கள். "எங்க ஊர்ல வீட்டுக்கு ஒருத்தர் கூடாரத்துக்குப் போனவங்கதான்" என்று ஐயா சொல்லும்போது அவர் தோள் கொஞ்சம் நிமிரும்.

1979இல் ஏழெட்டுப் பேர் சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் கூடத் தொடங்கினார்கள். பால்வெட்டு ஆள் இருவர், ஒரு லோரி டிரைவர், டவுனில் முடிவெட்டும் கடை வைத்திருந்த அண்ணன் ஒருவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர். அப்போது எனக்குப் பதினான்கு வயது. அப்பாவோடு போய் ஓரமாக உட்காருவேன். ஊரில் அவர்களைச் 'சர்க்கஸ் கூட்டம்' என்று கூப்பிட்டார்கள்.

இப்படி ஒரு கூட்டம் உலகத்தில் வேறு எங்கும் இருக்காது என்றுதான் அப்பா நினைத்திருந்தார். ஒரு நாள் ஐயா எப்படியோ வரவழைத்த ஓர் ஆங்கிலப் பத்திரிகையைக் காட்டினார். பெயர் 'கிங் போல்', கூடாரத்தைத் தாங்கும் நடுக்கம்பம். பிரிட்டனின் சர்க்கஸ் நண்பர்கள் சங்கம் வெளியிடுவது. அந்தச் சங்கம் 1934இல் தொடங்கியது. அமெரிக்காவில் அதற்கும் முன்னால், 1926இலேயே, சர்க்கஸ் ரசிகர் சங்கம் வந்துவிட்டது. அவர்கள் மாநிலக் கிளையை 'டாப்' என்றும் ஊர்க் கிளையை 'டென்ட்' என்றும் கூப்பிடுகிறார்கள். கூடாரத்தையே கிளைக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதும் லோரி டிரைவர் அண்ணன் கை தட்டினாராம். 1936இல் மாதிரிக் கூடாரம் செய்பவர்களுக்கென்று ஒரு சங்கம், 1939இல் சர்க்கஸ் வரலாற்றுக்கென்றே இன்னொன்று. இந்த வரலாற்றுச் சங்கத்தின் பத்திரிகை 'பேண்ட்வேகன்'.

அன்றைக்கே அப்பா மாதிரிக் கூடாரம் செய்ய இறங்கிவிட்டார். சீனிச் சாக்குத் துணியில் கூடாரம், சைக்கிள் கம்பியில் பார், ஒட்டுப்பாலை உருட்டிச் சீவி யானைகள். இரண்டு அடிக்கு ஓர் அங்குலம் என்பது அவர் கணக்கு. சர்க்கஸ் வட்டம் 42 அடி குறுக்களவு, ஆகவே இருபத்தொரு அங்குலம். அந்த 42 அடிக்குக் காரணம் உண்டு. லண்டனில் 1768இல் குதிரை வித்தை காட்டத் தொடங்கிய பிலிப் அஸ்ட்லி, குதிரை வட்டமாக ஓடினால் அதன் முதுகில் நிற்பவனை அந்த ஓட்டமே வெளிப்பக்கம் தள்ளும், அவன் உள்பக்கம் சாய்ந்தால் இரண்டும் சமமாகி நிலையாக நிற்கலாம் என்று கண்டார். வட்டம் ரொம்பச் சின்னதாக இருந்தால் குதிரைக்குத் தலை சுற்றும், பெரிதாக இருந்தால் தள்ளும் விசை போதாது. பழகிப் பழகி 42 அடியில் வந்து நின்றது. இன்றும் உலகம் முழுக்க அதே அளவுதான்.

சரி, டின்னுக்கு வருகிறேன். உள்ளே நூற்றுச் சொச்சம் போட்டோ, நோட்டீஸ்கள், ஒரு வரவு செலவு நோட்டு. ஆல்பங்கள் இரண்டும் எண்பதுகளில் கடைகளில் விற்ற பசைத்தாள் ஆல்பம். பிளாஸ்டிக்கைத் தூக்கி, படத்தை ஒட்டி, மறுபடி மூடுவோமே, அதேதான். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அதைவிடக் கெட்டது வேறில்லை. பசை பழுப்பேறிப் படத்தின் முதுகைப் பிடித்துக்கொள்கிறது. முதல் படத்தை விரலால் உரித்தேன். பார் மேலே தொங்கிய ஆளின் முகம் தாளோடு போய்விட்டது. இரண்டாவதைத் தொடவில்லை. ஈப்போவில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் வழி சொன்னார்: பல் இடுக்கில் விடும் மெழுகு நூலை எடுத்து, படத்துக்கும் தாளுக்கும் நடுவே ஒரு மூலையில் நுழைத்து, ரம்பம் போல மெதுவாக இழுத்துக்கொண்டு போ. ஒரு படத்துக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. ஆனால் அப்புறம் ஒன்றுகூடக் கிழியவில்லை. நூலுக்கும் வராத படத்தை ஆல்பத்தில் இருக்கும்படியே ஸ்கேன் செய்தேன். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். சூட்டில் ஒட்டியதை அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது.

போட்டோவின் பின்பக்கம் பேனாவால் எழுதினால் மை ஊறி முன்னால் வரும். மென்மையான பென்சில், அழுத்தாமல். யார், எங்கே, எப்போது, யார் எடுத்தது என்ற நான்கும் போதும். கிராணி ஐயா சிலவற்றில்தான் எழுதியிருந்தார். ஒன்றில், சைக்கிள் சீட்டின் மேல் ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு சிறுமி. பத்து வயதுகூட இருக்காது. முன் பல் ஒன்று விழுந்த சிரிப்பு. பின்னால் ஐயாவின் எழுத்து: "ஞாயிறு மதியக் காட்சி. பெயர் கேட்க மறந்துவிட்டேன்." அந்த வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் வேலை ஓடவில்லை.

இனி நோட்டீஸ். எங்களிடம் இருந்ததிலேயே பழைய நோட்டீஸின் மேல்பாதியைக் கரையான் தின்றுவிட்டது. சர்க்கஸின் பெயர் போயிற்று. மிச்சத்தில் 'மலாயாவில் முதன்முறை', 'சுங்கை சிப்புட் திடல்', 'மார்ச் 9 வெள்ளிக்கிழமை முதல்', 'பெருநாள் விசேஷக் காட்சிகள்' என்று இருந்தது. வருஷம் இல்லை. நோட்டீஸ் அடிப்பவர்களுக்கு வருஷம் தேவைப்படாது, அடுத்த வாரமே குப்பைக்குப் போகும் தாள் அது.

வருஷத்தைக் கண்டுபிடித்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் எழுத்து. 'யானை' என்ற சொல்லில் 'னை' பழைய வடிவத்தில், முன்னால் தும்பிக்கை தூக்கியது போல அச்சாகியிருந்தது. தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது 1978இல். இங்கே அதற்கும் பிறகுதான் மாறியது. ஆக எண்பதுகளுக்கு முந்தியது. அடுத்தது கிழமை. போருக்குப் பிறகு மார்ச் 9 வெள்ளிக்கிழமையாக வந்த வருஷங்களைத் தேடினால் 1951, 1956, 1962, 1973, 1979. 'மலாயா' என்பதால், 1963 செப்டம்பரில் மலேசியா உருவான பிறகு வந்ததாக இருக்காது என்று தோன்றியது. ஆனால் நம் பெரியவர்கள் இன்றைக்கும் மலாயா என்றுதான் சொல்வார்கள், அதை மட்டும் நம்ப முடியாது. 1951, 1956 இரண்டும் மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம். 1948 ஜூனில் தோட்டத் துரைகள் மூவர் கொல்லப்பட்டது எங்கள் ஊர்ப் பக்கம்தான். அதிலிருந்து 1960 வரை நீடித்தது. ஊரடங்கு இருந்த காலத்தில் ராத்திரிக் காட்சிக்கு யார் போவது? அதுவும் ஊகம்தான்.

முடிச்சை அவிழ்த்தது 'பெருநாள்' என்ற சொல். நோன்புப் பெருநாள் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். 1951இல் ஜூலை, 1956இல் மே, 1973இல் அக்டோபர் கடைசி, 1979இல் ஆகஸ்ட். 1962இல் மட்டும் மார்ச் இரண்டாம் வாரம். பெருநாள் லீவைப் பிடித்துத்தான் கூடாரம் போட்டிருக்கிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு இந்தக் கணக்கு பொருந்தியபோது எழுப்பிச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. அப்பா போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது.

தாளை விட மனிதர்கள்தான் கடினம். "எந்த வருஷம் பாட்டி?" என்று கேட்டால் எல்லாரும் "அது ஆச்சு, ரொம்ப வருஷம்" என்பார்கள். "யாரோட போனீங்க, எதுல போனீங்க, இடுப்புல எந்தப் பிள்ளை இருந்துச்சு?" என்று கேட்க வேண்டும். தோட்டத்துப் பாட்டி ஒருவர், "ரெண்டாவது பையனுக்குப் பல்லு முளைச்ச நேரம்" என்றார். பையனின் பிறப்புப் பத்திரம் 1961. என் 1962 இன்னும் கெட்டியாயிற்று.

அந்தப் பேச்சுகளில்தான் ஒரு விநோதத்தைக் கவனித்தேன். பதினேழு பேரிடம் பதிவு செய்திருந்தேன். தோட்டத்திலிருந்து போனவர்கள் எல்லாரும் சிங்கத்தைச் சொன்னார்கள், பபூனைச் சொன்னார்கள், கோப்பி விற்றவரைக்கூடச் சொன்னார்கள். உயரத்தில் பறக்கும் பார் விளையாட்டைச் சொன்னவர்கள் டவுன்காரர்கள் மட்டும். இரண்டு வேறு சர்க்கஸ்களோ என்று முதலில் குழம்பினேன். சீனர் நடத்திய தாய் தியன் கியூ சர்க்கஸும் அந்தக் காலத்தில் மலாயாவைச் சுற்றிக்கொண்டிருந்தது. பதிவுகளை மறுபடி போட்டுக் கேட்டபோதுதான் பிடிபட்டது. பாட்டி சொல்கிறார்: "வெள்ளைச் சட்டை போட்ட பொண்ணு ஒருத்தி நூலேணில ஏறுறா. ஏறிக்கிட்டே இருக்கா. அப்போ லோரிக்காரன் ஹாரன் அடிச்சுட்டான். நாங்க எந்திரிச்சிட்டோம்." காலையில் ஐந்து மணிக்குப் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு. தோட்டத்து லோரி பத்து மணிக்குக் கிளம்பிவிடும். பறக்கும் பார் கடைசி அயிட்டம். ஒரே கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்த இரண்டு விதமான மனிதர்கள் பார்த்த சர்க்கஸ் வேறு வேறாக இருந்திருக்கிறது. இதை எந்த நோட்டீஸும் எனக்குச் சொல்லியிருக்காது. ஆகவே பதிவு செய்ததை ஒரு தடவை கேட்டுவிட்டு மூடி வைக்காதீர்கள். எல்லாரும் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று பார்க்க மறுபடி கேளுங்கள்.

பணக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சங்கப் பணம் பொருளாளர் அண்ணன் பெயரில் தனிக் கணக்கில் இருந்தது. நாணயமான மனிதர், ஒரு காசு குறைந்ததில்லை. அவர் திடீரென்று காலமானதும் கணக்கு முடங்கியது. வாரிசுப் பத்திரம் வரும்வரை யாரும் தொட முடியவில்லை. விதவையான அக்காவிடம் போய் 'அதில் எங்கள் பணமும் இருக்கிறது' என்று சொல்ல நாங்கள் பட்ட சங்கடத்தை வேறு எந்தக் குழுவும் படக் கூடாது. மலேசியாவில் 1966ஆம் வருஷச் சங்கச் சட்டப்படி ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சங்கமாக இயங்கினால் பதிய வேண்டும். பதிந்தால் சங்கத்தின் பெயரிலேயே, இரண்டு மூன்று பேர் கையெழுத்தோடு, கணக்குத் திறக்கலாம். ஆண்டுக் கூட்டம் நடந்த அறுபது நாளுக்குள் ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும், அதைத் தவறவிட்டால் பதிவுக்கே ஆபத்து. நாங்கள் முப்பது வருஷம் தாமதமாக இதைச் செய்தோம். கூட்டக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் சொத்துப் பட்டியலை ஒட்டியிருக்கிறோம், எது யார் வீட்டில் இருக்கிறது என்பதோடு. ஸ்கேன் செய்தவை மூன்று பிரதி. ஒன்று வேறு ஊரில், என் தங்கை வீட்டில்.

அப்புறம் அந்தக் கரடிப் படம். தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஒரு சின்னக் கண்காட்சி வைத்தோம். மோட்டார் சைக்கிள் ஓட்டும் கரடியின் படத்தை மூத்தவர்கள் ஆசையாகப் பெரிதுபடுத்தி மாட்டியிருந்தார்கள். படிவம் மூன்று படிக்கும் பெண் ஒருத்தி நின்று பார்த்துவிட்டு, "ஏன் ஆண்ட்டி வாயைக் கட்டியிருக்காங்க?" என்று கேட்டாள். அன்று சாயங்காலம் எங்களுக்குள் பெரிய சண்டை. எடுத்துவிடலாம் என்றார்கள் சிலர். நம் சந்தோஷத்தைக் குற்றம் சொல்கிறார்கள் என்று கோபப்பட்டார்கள் சிலர். முடிவெட்டும் கடை அண்ணன் இரண்டு மாதம் கூட்டத்துக்கே வரவில்லை.

நான் அந்தப் பெண்ணின் பக்கம். விலங்குகளைக் கூடாரத்திலிருந்து எடுத்தது சரி என்றே நினைக்கிறேன். இந்தியாவில் 1998இல் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தைக்குப் பழக்கத் தடை வந்தது, 2001இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மலேசியாவில் 2010ஆம் வருஷ வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு விலங்குகளோடு சர்க்கஸ் நடத்த அனுமதி வாங்க வேண்டும். அமெரிக்காவின் ரிங்ளிங் சர்க்கஸ் 2016இல் யானைகளுக்கு ஓய்வு கொடுத்தது, 2017இல் மூடியது, 2023இல் விலங்கே இல்லாமல் திரும்பி வந்தது. விலங்கு இல்லாவிட்டாலும் சர்க்கஸ் சர்க்கஸ்தான். குழந்தைகள் விஷயத்திலும் அப்படித்தான். 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் சிறுவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. அந்தச் செய்தியைப் படித்தபோது, பெயர் கேட்க மறந்துபோன அந்தச் சைக்கிள் சிறுமிதான் கண் முன்னால் வந்தாள். அவள் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போயிருக்க மாட்டாள்.

ஆனால் படத்தை எடுக்கவில்லை. எடுத்தால் அப்படி ஒன்று நடந்ததே தெரியாமல் போய்விடும். கீழே ஒரு தாளில் வாய்க்கட்டு எதற்கு, அந்தக் காலத்தில் எப்படிப் பழக்கினார்கள், சட்டம் எப்போது மாறியது என்று எழுதி ஒட்டினோம். எழுதிக் கொடுத்தது அதே முடிவெட்டும் கடை அண்ணன்தான். ரசிகர்கள் எழுதும் வரலாற்றில் ரசிக்க முடியாத பக்கமும் இருக்க வேண்டும் என்று அவரிடம் நான் கேட்டுக்கொண்டேன், அவரும் சரி என்றார்.

2010இலிருந்து ஏப்ரல் மாதம் மூன்றாவது சனிக்கிழமையை உலக சர்க்கஸ் தினமாகக் கொண்டாடுகிறார்கள். 2019இல் அந்த நாளில் நாங்கள் பழைய திடலுக்குப் போனோம். நடுவில் ஒரு முளை அடித்து, இருபத்தொரு அடிக் கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் வட்டம் போட்டோம். பிள்ளைகள் அதற்குள் ஓடி ஓடிச் சாய்ந்து பார்த்தார்கள். தோட்டத்துப் பாட்டியை அவர் இரண்டாவது மகன் காரில் அழைத்து வந்திருந்தார். அவருக்கே தலை நரைத்துவிட்டது. பாட்டி கைத்தடியோடு வட்டத்தின் ஓரத்தில் நின்று, "கேலரி இந்தப் பக்கம், லோரி அந்த மரத்தடில" என்று காட்டினார். முடிவெட்டும் கடை அண்ணன் பக்கத்தில் இருந்தார். 1962இல் அவருக்கு ஒன்பது வயது, டவுன் பிள்ளை, கடைசிவரை உட்கார்ந்து பார்த்தவர்.

பாட்டி அவரைப் பார்த்துக் கேட்டார். "ஏணில ஏறுனாளே ஒரு பொண்ணு, வெள்ளைச் சட்டை. பாய்ஞ்சாளா?"

"பாய்ஞ்சாக்கா."

"அந்தப் பக்கம் இருந்தவன் பிடிச்சிட்டானா?"

"முதல் தடவை நழுவிட்டா, வலைல விழுந்தா. மறுபடி ஏறி வந்தா. ரெண்டாவது தடவை பிடிச்சிட்டான்."

பாட்டி கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நோட்டை எடுத்து, தேதியைப் போட்டு, இருவர் பெயரையும் எழுதிக்கொண்டேன்.